பால்வெட்டும் கைக்கு ஷாக்வேவ் வைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். ஒரு வருஷத்துக்கு மேலாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் கடுப்பு. குடத்தைத் தூக்க முடியவில்லை, டீ கிளாஸைப் பிடித்தால்கூட சுருக்கென்கிறது. முழங்கையில் இரண்டு தடவை ஊசி போட்டார்கள். போட்ட கையோடு சுகமாக இருந்தது, ரெண்டு மாசத்தில் பழையபடி வந்துவிட்டது. இப்போது ஒரு கிளினிக்கில், "ஷாக்வேவ் வைத்தால் ஆபரேஷன் வேண்டாம், பத்து தடவை வரணும், மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டுங்க" என்கிறார்கள். அப்பா கரண்ட் ஷாக் என்று பயப்படுகிறார். மாமாவுக்குக் கிட்னி கல்லை உடைத்ததும் ஷாக்வேவ்தானாம். எலும்பு உடைந்துவிடாதா அக்கா?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: முதலில் அப்பாவின் பயத்தைத் தீர்த்துவிடுவோம் மகளே. உடம்புக்குள் கரண்ட் எதுவும் போகாது. இது ஒலி அலை. கண் இமைப்பதற்குள் உச்சத்துக்கு ஏறி இறங்கிவிடுகிற அழுத்தம். மாமாவுக்குக் கல் உடைத்ததும் இதே இனம்தான். ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் 1980 பிப்ரவரியில் ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை முதன்முதலாகக் கத்தி வைக்காமல் இப்படி உடைத்தார்கள். கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி. பின்னால் இதே அலையை, கூடாமல் கிடந்த எலும்பு முறிவுகளுக்கும், அதன்பிறகு குதிகால், முழங்கை, தோள்பட்டை வலிகளுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தருகிற எஃப்.டி.ஏ. அமைப்பு 2000-ல் குதிகால் வலிக்கு அனுமதி கொடுத்தது. முழங்கைக்கு வைக்கிற அளவில் எலும்பு உடையாது, அப்பாவிடம் தைரியமாகச் சொல்.

இனி அவருடைய கையைப் பற்றி. டாக்டர் சீட்டில் 'டென்னிஸ் எல்போ' என்று எழுதியிருப்பார். என்னிடம் வருகிற பால்வெட்டுக்காரர்களில் இந்த வலியோடு வருகிறவர்கள் ஏராளம். வெட்டு முடித்து, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, பத்து பத்தரைக்கு வந்து உட்காருவார்கள். கையில் பால் மணம் போயிருக்காது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எல்லாரும் ஒரே இடத்தைத்தான் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுவார்கள்: முழங்கையின் வெளிப்புற எலும்பு முண்டு, அதற்கு ஒரு விரல் கீழே.

அந்த இடம் ஏன் கெடுகிறது என்று பார்ப்பதற்காகவே விடியுமுன் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கிறார் ஒருவர். கத்தி பட்டையில் ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், மேலோடு போனால் பால் வராது. அந்த நூலளவை விடாமல் பிடிக்க வேண்டுமானால் மணிக்கட்டை மேல்நோக்கி லேசாக நிமிர்த்தி, விரல்களை இறுக்கி, அசையாமல் வைத்திருக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் முன்கைத் தசை முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். ஒரு மரத்துக்குச் சில நொடிதான். அப்படி ஒரு காலையில் முந்நூறு மரம். மணிக்கட்டை நிமிர்த்துகிற தசைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து எலும்பில் ஒட்டுகிற இடம்தான் அவர்கள் விரல் வைத்துக் காட்டுகிற இடம். தசையை எலும்போடு கட்டுகிற அந்தத் தசைநாண், நாள்பட்ட பாரத்தில் பிரி விட்ட கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. இழைகள் வரிசை கலைந்து, சரியாக ஆறாத நிலையில் நின்றுபோகிறது.

ஊசி போட்டதும் சுகமானதும், மறுபடி வந்ததும் இதனால்தான். அது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசி. வீக்கத்தை அடக்கும், வலியையும் அடக்கும், ஆனால் கலைந்த இழையை ஒழுங்குபடுத்தாது. 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, இந்த ஊசி முதல் சில வாரங்களுக்கு நல்ல சுகம் தந்தாலும், மாதங்கள் போகப் போக ஊசி போடாதவர்களைவிட இவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது என்று காட்டியது. மூன்றாவது ஊசிக்கு அப்பா சம்மதிக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

சரி, ஷாக்வேவ்? முழங்கை விஷயத்தில் உனக்கு வெறும் நம்பிக்கையைத் தர எனக்கு மனமில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் 2005-ம் வருஷத் தொகுப்பு டென்னிஸ் எல்போவுக்கு இதனால் பலன் சொற்பம் அல்லது இல்லை என்றே முடித்தது. சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டுகிற இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2009-ல், 'பெரிய ஆபத்து இல்லை, ஆனால் பலன் பற்றிய முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை' என்ற நிலையை எடுத்தது. பலன் கிடைத்த என் நோயாளிகளும் உண்டு. ஆனால் அவர்கள் யாரும் கருவியை மட்டும் நம்பி இருந்தவர்கள் அல்ல, கூடவே பயிற்சியும் செய்தவர்கள். ஆகவே பயிற்சிதான் முதலில். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் ஷாக்வேவ் வைத்துப் பார்க்கலாம். ஆபரேஷனைப் பற்றி யோசிப்பதற்கு முன் அது ஒரு நியாயமான படி.

பத்து தடவைக்கு முன்பணம் கட்டாதே. பெரும்பாலான ஆய்வுகளில் வாரத்துக்கு ஒன்றாக மூன்று முதல் ஐந்து அமர்வுதான். கிளினிக்கில் இரண்டு விஷயம் கேள். ஒன்று, கருவி ரேடியலா, ஃபோகஸ்டா? ரேடியல் என்பது காற்றழுத்தத்தால் உள்ளே ஒரு குண்டு ஓடி முனையில் மோதுகிற வகை. தோலுக்கடியில்தான் அதன் பலம் அதிகம், ஆழம் போகப் போகக் குறையும். முழங்கைக்கு அது போதும். ஃபோகஸ்டு வகை ஆழத்தில் ஒரே புள்ளியில் குவியும். இரண்டு, பயிற்சி யார் சொல்லித் தருவார்கள்? பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடு.

வைக்கும்போது எப்படி இருக்கும் என்று அப்பா கேட்பார். வலிக்கிற இடத்தில் ஜெல் தடவி, கைப்பிடியை வைத்து அழுத்துவார்கள். டகடகடகவென்று சத்தம் வரும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, தாங்குகிற அளவுக்கு ஏற்றுவார்கள். ஏறத்தாழ 2000 அடி, நாலைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வலிக்கத்தான் செய்யும். மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வைத்தால் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்வதால், எந்த இடத்தில் வலி என்று நோயாளி வாய்விட்டுச் சொல்வதே நல்லது. இரண்டு நாள் இடம் சிவந்து, தொட்டால் நோகும். அந்த இரண்டு நாளும் கத்தி பிடிக்கக் கூடாது. வலி மாத்திரை தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். சுகம் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதனால் இரண்டாம் தடவையிலேயே 'ஒண்ணும் கேக்கல்ல' என்று சோர்ந்துபோக வேண்டாம்.

பயிற்சி இதுதான். மேசையில் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, மூன்று நான்கு எண்ணிக்கைக்கு மெதுவாக இறக்க வேண்டும். பதினைந்து தடவை, கொஞ்சம் விட்டு மறுபடியும், பிறகு இன்னொரு முறையும். செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும், பயிற்சியை விட்டுவிடக் கூடாது. சுலபமானால் ஒரு லிட்டர் பாட்டில். கையில் வலு ஏறாமல் மரத்துக்குத் திரும்பினால் வலியும் திரும்பும்.

வேலையிலும் சில மாற்றம் வேண்டும். கத்தி மழுங்கினால் கை கூடுதலாக இறுக்கும், எனவே சாணை தவறக் கூடாது. பிடி மெலிந்திருந்தால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிப்பாக்கச் சொல். இறுக்கிப் பிடிக்க வேண்டிய பலம் குறையும். குடத்தைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். இலையுதிர்ந்து வெட்டு நிறுத்துகிற வாரங்கள் வருமே, சிகிச்சையைத் தொடங்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. கூலி போகாமல் கைக்கு ஓய்வு கிடைக்கும். மற்ற மாதங்களில் ஓய்வெடு என்று சொல்வது எங்களுக்கு எளிது, அடுப்பு எரிய வேண்டிய வீட்டுக்கு அது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு மரத்தையாவது கொஞ்ச நாள் வேறு ஆளிடம் விட முடியுமா என்று தோட்டத்தில் பேசிப் பார்க்கச் சொல்கிறேன்.

விரல்கள் மரத்துப்போனாலோ, வலி கழுத்திலிருந்து இறங்கினாலோ, இது முழங்கை நோயாக இல்லாமலும் இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: வயது 22. போலீஸ் தேர்வுக்காகச் சங்குத்துறை கடற்கரையில் தினமும் ஓடுகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். நாலு மாதமாகக் குதிகாலுக்கு மேலே, பின்பக்க நரம்பில் வலி. காலையில் எழுந்து நடக்கும்போது விறைக்கிறது. உடல்தகுதித் தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. ஷாக்வேவ் வைத்தால் அதற்குள் சரியாகுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தம்பி, அது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டுகிற அக்கில்லஸ் தசைநாண். ஆறு வாரத்தில் முழுசாகச் சரியாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் மூட்டை கட்டிவிடவும் வேண்டாம்.

இந்த இடத்தில் ஷாக்வேவுக்கு முழங்கையைவிட நல்ல பேர் உண்டு. சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட்சன் 1998-ல் வெளியிட்ட பயிற்சி ஒன்று இருக்கிறது. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தில் நின்று, வலிக்கிற காலின் குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். ஏறும்போது மறு காலால் ஏற வேண்டும். முழங்காலை நீட்டி 15, மூன்று முறை. லேசாக மடக்கி அதேபோல். காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். 2009-ல் ஜெர்மனியின் ரோம்பே குழுவினர் இந்தப் பயிற்சியை மட்டும் செய்தவர்களையும், பயிற்சியோடு ஷாக்வேவும் வைத்துக்கொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். நான்கு மாதத்தில் இரண்டும் சேர்ந்தவர்களே முந்தி நின்றார்கள். உன் வலி குதிகாலுக்குச் சில விரற்கடை மேலே இருந்தால் இது பொருந்தும். குதிகால் எலும்பிலேயே வலி என்றால் படிக்குக் கீழே இறக்காதே, சமதரையில் நின்று செய்.

மணலில் ஓடுவதை இப்போது நிறுத்து. குதிகால் மணலில் புதைகிற ஒவ்வொரு தடவையும் அந்த நாண் கூடுதலாக இழுபடுகிறது. மைதானத்தில், ஷூவோடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடு. மற்ற நாளில் மூச்சுக்கு சைக்கிள். மறுநாள் காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் தூரத்தைக் குறை.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அண்மையில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாயா? இந்த வகை மருந்து தசைநாணைப் பாதிக்கலாம், அறுந்துபோகவும் செய்யலாம் என்று எஃப்.டி.ஏ. 2008-லேயே கடுமையான எச்சரிக்கை போட்டது. சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல். ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி 'டப்'பென்று கேட்டு, முன்பாதத்தில் நிற்க முடியாமல் போனால், அன்றே ஆஸ்பத்திரி.

தசைநாணுக்குள் ஊசி போட யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல். 22 வயதில் இந்த நாண் அறுந்தால் இந்தத் தேர்வு மட்டுமல்ல, அடுத்த தேர்வும் போய்விடும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் குளச்சலில் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். வலது தோளைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் 'சுண்ணாம்பு படிந்திருக்கு, ஷாக்வேவ் வைக்கலாம்' என்றார்கள். இதயத்தில் வால்வு மாற்றியிருப்பதால் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். ஷாக்வேவுக்காக அதை ஒரு வாரம் நிறுத்தினால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்.
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: நிறுத்தவே கூடாது அம்மா. அது ரத்தம் உறையாமல் காக்கிற மாத்திரை. நிறுத்தினால் வால்வில் ரத்தக்கட்டி உண்டாகலாம், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். தோள்வலிக்காக அந்த ஆபத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

தோளில் சுண்ணாம்பு படிவதற்கு ஷாக்வேவ் நன்றாகவே பலன் தருகிறது. 2003-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 144 பேரைச் சோதித்தார்கள்; அதிக ஆற்றலில் வைத்தவர்களுக்குத் தோளின் இயக்கமும் வலியும் தெளிவாகத் தேறின, பலருக்குச் சுண்ணாம்பும் கரைந்தது. ஆனால் ரத்தம் உறையாமல் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, அடி விழுகிற இடத்தில் உள்ளே ரத்தம் கசியும் என்பதால், பொதுவாக இதை வைப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும், வைக்கிற இடத்தில் புற்றுநோயோ கிருமித்தொற்றோ இருப்பவர்களுக்கும், எலும்பு வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்கும் இதே தடைதான்.

பல பேருக்கு இந்தச் சுண்ணாம்பு தானாகவே கரையும். கரைகிற நாட்களில்தான் வலி மிகக் கடுமையாக இருக்கும் என்பதால், வலி கூடியதை வைத்து நோய் முற்றிவிட்டதாகப் பயப்படாதீர்கள். தோள் இறுகிவிடாமல் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சியைச் செய்யட்டும். வலை இழுக்கிற வேலையைத் தோள் தேறும்வரை கூட்டாளிகளிடம் விடட்டும். மருந்துக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கக் கூடாது. அசிட்ரோமோடு சில வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் ரத்தம் உறைகிற வேகத்தைக் காட்டுகிற, கடைசியாக எடுத்த ஐ.என்.ஆர். ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோய், முதலில் இதய மருத்துவரிடம் கேளுங்கள்.