ஆபீஸ் மென்பொருள்: ஆண்டுச் சந்தாவா, ஒரே தடவை விலையா?

வீட்டில் ஒரே கணினி, கடிதமும் கணக்கும்தான் வேலை; மைக்ரோசாஃப்ட் ஆபீஸை ஆண்டுச் சந்தாவில் எடுப்பதா, ஒரே தடவை விலை கொடுத்து வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே தடவை காசைக் கொடுத்து வாங்கிவிடுங்கள். சந்தாவில் சூடுபட்டவன் சொல்கிறேன்.

பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். சந்தா மென்பொருளில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வங்கி அட்டை காலாவதியானது. புது அட்டை உறைகூடப் பிரிக்காமல் மேசை டிராயரில் கிடந்தது. பணம் வரவில்லை என்று திரையில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது, நானும் மூடிக்கொண்டே இருந்தேன். ஒரு முகூர்த்த நாள், பதினொன்றரைக்குப் பத்திரப்பதிவு டோக்கன். கிரயப் பத்திரத்தில் சர்வே எண் 112/3ஏ என்பது 112/3பி என்று விழுந்திருக்கிறது. கோப்பு திறக்கிறது, படிக்கலாம், அச்செடுக்கலாம்; அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. உடனே கட்டலாம் என்றால், புது அட்டையில் இணையச் செலவு வசதியை நாமேதான் திறந்துவிட வேண்டுமாம். பென் டிரைவோடு பக்கத்துக் கடைக்கு ஓடினேன். அங்கே என் பழைய எழுத்துரு இல்லை. பத்திரம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாக நின்றது. டோக்கன் போயிற்று. மறுநாள் கட்சிக்காரர் சர்வே எண்ணை மட்டும் நான்கு முறை வாசிக்கச் சொன்னார்.

உன் தவறுதானே என்பீர்கள். என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் எழுத்துரு விஷயம் என் தவறல்ல. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய வைக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்று ஆணையிட்டது. இன்றும் பழைய எழுத்துருவில் அடித்தால்தான் பத்திரம் பத்திரமாக இருக்கிறது என்று அடம்பிடிக்கிறவர்களை நான் என்ன செய்வது?

லிப்ரே ஆபீஸ் என்ற மாற்று மென்பொருள் இலவசமாயிற்றே என்று யாராவது வருவார்கள். அதுவும் வைத்திருக்கிறேன். அடுத்தவர் தந்த கோப்பைத் திறந்தால் சில சமயம் வரி நகர்ந்துவிடும். முத்திரைத்தாளில் அச்சிடுகிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. உங்கள் கடிதத்துக்குத் தாராளமாகப் போதும்.

ஒரே தடவை என்பதால் ஆயுசுக்கும் என்று நினைக்காதீர்கள். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றன. மென்பொருள் ஓடும், ஓட்டை அடைபடாது. 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர் வரை உண்டு. ஒரு கணினிக்குத்தான் உரிமை, அடுத்த பதிப்புக்கு மறுபடி காசு.

வீட்டில் நாலைந்து பேர், ஆளுக்கொரு மடிக்கணினி என்றால் கணக்கு வேறு. ஆபீஸைச் சந்தாவாகத் தரும் மைக்ரோசாஃப்ட் 365இன் குடும்பச் சந்தாவில் ஆறு பேர் வரை சேரலாம், ஆளுக்கு ஒரு டெராபைட் மேகச் சேமிப்பு, அதாவது இணையத்தில் கோப்பு வைக்க இடம். அக்கா வீட்டில் அதுதான். அத்தானின் அட்டையில் ஓடுகிறது. நான் வாயைத் திறப்பதில்லை.