வெளிநாட்டு நகரத்தில் ஃபுட் டூர் எடுக்கலாமா? எதைப் பார்த்து எடுப்பது?

நீங்கள் கேட்டது இது: குடும்பத்தோடு முதல் தடவையாக வெளிநாடு போகிறோம், வழிகாட்டியோடு கடை கடையாகப் போய்ச் சாப்பிடும் ஃபுட் டூருக்குப் பணம் கொடுக்கலாமா, எந்த டூரை எடுப்பது?

கொடுக்கலாம். குடும்பம் என்று எழுதியிருப்பதால் கூடவே ஒரு பெரியவர், அதிலும் சைவம் சாப்பிடுகிறவர், வருவார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். எத்தனை அயிட்டம் தருகிறார்கள் என்பதை வைத்து டூரை எடுக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போகிறவர் அந்தக் கடைக்காரர்களுக்குப் பழகிய முகமா, பணம் வாங்குவதற்கு முன்னாடி உங்களைப் பற்றி விசாரிக்கிறாரா, இதைப் பாருங்கள்.

நான் தெருக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அப்பா சேலம் அம்மாப்பேட்டையில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போட்டவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பீட்ரூட்டும் கேரட்டும் துருவுவது என் வேலை. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பச்சைச் சட்னி, காரச் சட்னி, வெங்காயம், துருவல் வைத்துக் கொடுப்பதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். காலையில் மல்லித்தழை ஆய்வதிலேயே வேலை தொடங்கிவிடும். தட்டுவடை நமுத்துவிடக் கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் டின்னில் இருந்து எடுப்பார். செட்டை வாங்கினால் நின்ற இடத்திலேயே சாப்பிட வேண்டும், பார்சல் கட்டினால் ஊறிப்போகும். இதெல்லாம் புதிதாக வருகிறவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். சொல்ல ஒரு ஆளை வைத்துக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

"தெருவில் சாப்பிட கைடு எதற்கு, கூகுள் மேப் போதாதா, எல்லாம் பணம் படுத்தும் பாடு" என்று கீழே யாராவது எழுதுவார்கள். எங்கள் சொந்தத்திலேயே சொன்னார்கள். நாங்கள் வசதியானவர்கள் இல்லை. வீட்டுக்காரர் லீ பஜாரில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார். சீட்டு எடுத்த பணத்தில்தான் போனோம். மேப்பில் நட்சத்திரம் போடுகிறவர்களில் பாதிப்பேர் நம்மைப் போலவே ஒரு நாள் வந்து போனவர்கள். "இதில் மீன் சாறு இருக்கிறதா" என்று கேட்டால் நட்சத்திரம் பதில் சொல்லாது.

நாங்கள் போனது வியட்நாமில் ஹனோய். வீட்டுக்காரர், நான், அத்தை. அத்தை முட்டைகூடத் தொடமாட்டார், அமாவாசை விரதம் தவறாதவர். சேலத்தில் நாங்கள் பணம் கட்டிய டிராவல்ஸ்காரர் எல்லா வேளைக்கும் இந்தியன் ரெஸ்டாரன்ட் என்று போட்டுக் கொடுத்திருந்தார். நாண், பன்னீர், தால், மறுபடியும் நாண், பன்னீர், தால். சைவத்துக்குப் பயந்துதான் அப்படிச் செய்தார் என்பது புரிகிறது. ஆனால் அத்தையே அலுத்துப்போய், "இந்த ஊருச் சனம் என்னத்தச் சாப்பிடுது கண்ணு? அதக் காட்டமாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்கு ராத்திரியே கைபேசியில் தேடி, கிடைத்த டூர்காரர்களுக்கெல்லாம் ஒரே செய்தியை அனுப்பினேன். ஒருவர் சுத்த சைவம், முட்டையும் மீன் சாறும் ஆகாது, மற்ற இரண்டு பேர் மாடு, பன்றி சாப்பிடுவதில்லை, முடியுமா என்று. பெரும்பாலானவர்கள் 'நோ பிராப்ளம்' என்று சொல்லிப் பணம் கட்டும் லிங்க்கை அனுப்பினார்கள். ஒரு பெண் மட்டும் திருப்பிக் கேள்வி கேட்டார். பால் சேர்ப்பாரா? பூண்டு, வெங்காயம் சாப்பிடுவாரா? அசைவம் செய்த சட்டியிலேயே செய்தால் பரவாயில்லையா? தாழ்வான ஸ்டூலில் உட்கார முடியுமா? வழக்கமாகப் போகும் கடைகளில் சிலது உங்களுக்குச் சரிப்படாது, மாற்றித் தருகிறேன் என்றும் எழுதினார். அங்கே புத்த மதச் சைவத்தில் பூண்டும் வெங்காயமும் விலக்கு, அதனால்தான் அதைக் கேட்டிருக்கிறார். அவரிடமே பணம் கட்டினோம். அவருக்கோ எந்த நிறுவனத்துக்கோ விளம்பரம் செய்ய வரவில்லை, அதனால் பெயர் போடவில்லை.

மறுநாள் காலையில் பழைய நகரத்தின் தெருக்களில் நடந்தோம். சிறு மீனை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறு, நுவக் மாம் என்கிறார்கள், கீரை வதக்கினாலும் அதை ஊற்றுகிற ஊர் அது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு கடையில் மஞ்சள் நிற ஒட்டரிசிச் சோறு, மேலே மசித்த பாசிப்பருப்பைச் சீவிப் போட்டு, பொரித்த வெங்காயம் தூவித் தருகிறார்கள். நான் தனியாகப் போயிருந்தால் சைவம் என்று நம்பி அத்தைக்கு வாங்கிக் கொடுத்திருப்பேன். அதன்மேல் ஒரு கரண்டி கொழுப்பு ஊற்றும் வழக்கம் உண்டு. அந்தப் பெண் கடைக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி, அத்தைக்கு மட்டும் எண்ணெய் ஊற்ற வைத்தார். அடுத்த கடையில் பான் குவோன். கொதிக்கும் பானையின் வாயில் துணியை இழுத்துக் கட்டி, அரிசி மாவைக் கரண்டியால் மெல்லிசாகத் தேய்த்து, ஆவியில் வேகவைத்து, மூங்கில் குச்சியால் கிழியாமல் தூக்குகிறார்கள். உள்ளே பன்றிக் கறியும் காளானும் வைப்பது வழக்கம். அத்தைக்கு வெறும் காளான். இட்லித் துணியில் காலம் முழுக்க இட்லி ஊற்றியவர் அல்லவா, சாப்பிட்ட நேரத்தைவிட அந்த அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம். வீட்டுக்காரர் கோழி ஃபோ, அதாவது சூப்பில் போட்ட அரிசி நூடுல்ஸ், சாப்பிட்டார். அது பரவாயில்லை ரகம்.

அப்புறம் செ என்ற இனிப்பு. பயறு, தேங்காய்ப்பால், அதில் மிதக்கிற சின்னச் சின்ன மணிகள். அத்தை ஒரு வாய் வைத்ததுமே, "கண்ணு, இது நம்மூரு ஜவ்வரிசி இல்ல?" என்றார். மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்ததுதான். அத்தையின் தம்பி ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். கிழங்கை அரைத்து, பாலைத் தெளியவைத்து, மாவை உருட்டி, வறுத்து, களத்தில் வெயிலில் காயப்போடும் வரைக்கும் அத்தை கையாலேயே செய்து காட்டினார், நான் ஆங்கிலத்தில் சொல்ல, அந்தப் பெண் வியட்நாமிய மொழியில் சொல்ல, கடைக்காரம்மா உள்ளே போய் ஊறவைக்காத மணியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அத்தையிடம் காட்டினார். சேலத்தில் ஜவ்வரிசிக்கென்றே 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது என்று நானும் பெருமையாகச் சொல்லி வைத்தேன். அந்த அரைமணி நேரத்துக்காகவே கொடுத்த பணம் தகும். காபிக் கடையிலும் இதே கதைதான். 1946-இல் பால் கிடைக்காத காலத்தில் முட்டை மஞ்சள் கருவை அடித்துப் போட்டு உருவான முட்டைக் காபி அங்கே பிரபலம். அத்தைக்குத் தேங்காய்க் காபி சொன்னார். அங்கே பெரும்பாலும் ரொபஸ்டா ரகக் காபி, கசப்பு தூக்கலாக இருக்கிறது. நாங்கள் ஏற்காட்டு அராபிகாவில் வளர்ந்த நாக்கு. எங்கள் மலையில் 1820 வாக்கில் இருந்தே காபி விளைகிறது என்று வீட்டுக்காரர் சொன்னதும், அந்தப் பெண் தன் நோட்டில் ஏற்காடு என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

இதில் நான் கவனித்தது ஒன்று. ஒவ்வொரு கடையிலும் அந்தப் பெண் முதலில் கடைக்காரரிடம் பேசிவிட்டுத்தான் எங்களை உட்கார வைத்தார். கேட்காமல் யாரையும் படம் எடுக்க விடவில்லை. பணத்தை எங்கள் கண்ணெதிரில் கொடுத்தார். கூட்டம் வந்தால் எங்களை எழுப்பி இடம் விட வைத்தார்.

எங்கள் அப்பாவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் வீடியோ எடுக்கிறவர்கள் சிலர் வந்தார்கள். வியாபார நேரத்தில் வண்டிக்கு முன்னால் வெளிச்சத்தைப் போட்டு நின்றுகொண்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பாதிப்பீங்க?" என்று கேட்டார்கள். அப்பா சங்கடப்பட்டு, நல்ல நாளில் வரும் மொத்த வசூலைச் சொன்னார். அதையே லாபம் என்று தலைப்பில் போட்டுவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் வண்டி நிறுத்தும் இடத்துக்காரர் வாடகையை ஏற்றினார். தினமும் வந்து நின்ற தறிக்காரர்கள் கூட்டத்தில் நிற்க முடியாமல் வேறு கடைக்குப் போனார்கள். ஒரு மாதத்தில் வெளியூர்க் கூட்டமும் நின்றுவிட்டது, ஏற்றிய வாடகை மட்டும் இறங்கவில்லை. எடுத்தவர்கள் சாப்பிட்டதற்குக் காசும் கொடுக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததைச் சொல்கிறேன் என்று தோன்றலாம். ஒரு டூர், கடையை எப்படி நடத்துகிறது என்று நான் ஏன் பார்க்கிறேன் என்பதற்கு இதுதான் காரணம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. பினாங்கு, சிங்கப்பூர் என்றால் டூர் அவசியமே இல்லை, தமிழிலேயே விசாரித்துச் சாப்பிடலாம். பாங்காக்கில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அது புத்தச் சைவக் கடை, அந்த அளவுக்குத் தெரிந்திருந்தாலே ஓரளவு சமாளிக்கலாம். வியட்நாம் என்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். அங்கே பலர் அந்த நாட்களில் சைவம் சாப்பிடுவதால் நமக்கு வசதி. ஆறு, எட்டுப் பேருக்கு மேல் கூட்டம் சேர்க்கும் டூர் வேண்டாம், சின்னக் கடையில் அத்தனை பேர் உட்காரவே இடம் இருக்காது. மாணவர்கள் இலவசமாகக் கூட்டிப்போகும் டூரும் ஹனோயில் உண்டு, சாப்பாடு போன்ற செலவுகள் நம்முடையது. சைவம் இல்லாத குடும்பத்துக்கு அதுவே போதும். எந்த டூராக இருந்தாலும் ஊருக்குப் போன முதல் நாளோ இரண்டாம் நாளோ வைத்துக்கொள்ளுங்கள், பிடித்த கடைக்குத் திரும்பவும் நீங்களாகவே போகலாம்.

பெரியவர் வருவதாக இருந்தால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், நடுவில் கழிப்பறை உள்ள கடை எது என்று கேளுங்கள். அத்தைக்கு மூட்டுவலி. அந்தப் பெண் ஒவ்வொரு கடையிலும் பிளாஸ்டிக் ஸ்டூலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயரமாக்கிக் கொடுத்தார், எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. சைவம் பற்றி அவர்கள் ஒப்புக்கொண்டதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் வேறு கைடு வந்தால் அதைக் காட்டலாம்.