அவசரம் என்றால் யாரை அழைப்பது?

கேள்வி: எனக்கு வயது 46. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பகுதியில் உள்ள துடுப்புப் படகுச் சங்கம் நடத்திய ஆறு வாரத் தொடக்கப் பயிற்சியை முடித்துவிட்டேன். உறுப்பினராகச் சேர்ந்தால் எட்டுப் பேர் வலிக்கும் படகில் ஓர் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் காலை ஐந்தரை மணிக்குப் படகுத்துறையில் இருக்க வேண்டும். இந்த வயதில் இது சரிப்படுமா, இளைஞர்கள் நடுவே கேலிக்கு ஆளாவேனா என்று தயக்கமாக இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம், கையுறை அணியலாமா? ஆளுக்கு ஒரு துடுப்பு வலிக்கும் படகு, ஒருவரே இரண்டு துடுப்பு வலிக்கும் படகு, இவற்றில் எதை முதலில் கற்பது நல்லது? வீட்டில் மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் அப்பா. வீணாகப் பயப்படுவார்கள் என்பதால், நடைப்பயிற்சிக்குப் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பத்தில்கூட அவசரத் தொடர்புக்கு அலுவலக நண்பர் ஒருவரின் எண்ணைத்தான் எழுதிக் கொடுத்தேன். சேரலாமா?

பதில்: வயதைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பேச அதிகம் இல்லை. இந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்பு 27 வயதிலிருந்தே ஒருவரை மூத்தோர் பிரிவில் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு மேல் 36, 43, 50 என்று குழுவின் சராசரி வயதைக் கொண்டு பிரிவுகள் ஏறிக்கொண்டே போகின்றன. எழுபதைக் கடந்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. உங்கள் வயது யாருக்கும் புதுமையாகத் தோன்றாது. இளைஞர்கள் கேலி செய்வார்களா என்பதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. பள்ளிக்குப் போகும் மகளை உடைய ஒரு தகப்பன் கவலைப்படத் தகுந்த விஷயம் அதுவென்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியம் இருக்கிறது. அவசரத் தொடர்புக்கு அலுவலக நண்பரின் எண்ணைக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். அதைத்தான் இங்கே பேச வேண்டும்.

அந்தக் கட்டத்தைச் சங்கம் எதற்காக அச்சிட்டு வைத்திருக்கிறது என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? துடுப்பு வலிப்பவர்கள் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கால்கள் படகோடு பொருத்தப்பட்ட காலணிகளுக்குள் இருக்கின்றன. படகு கவிழ்ந்தால் கால் தானாக விடுபட வேண்டும் என்பதற்காக அந்தக் காலணியின் குதிகாலைக் கயிற்றால் கட்டி வைப்பது விதி. படகின் கூரிய முனையில் ஒரு சிறிய ரப்பர்ப் பந்து மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை, மோதினால் அந்த முனை எதிரில் இருப்பவரின் உடம்பில் பாயாமல் இருப்பதற்காக. எட்டுப் பேர் படகு சுலபத்தில் கவிழாது என்பது உண்மைதான். ஆனாலும் அதில் நீர் நிரம்பலாம். துடுப்பின் அலகு தண்ணீருக்குள் சிக்கிக்கொண்டால், படகின் வேகத்தில் அதன் பிடி திரும்பி வந்து வயிற்றில் அறைந்து ஆளையே வெளியே தூக்கி எறியலாம். துடுப்பு வலிப்பவர்கள் பெரும்பாலும் மிதவை அங்கி அணிவதில்லை. அதனால்தான் நல்ல சங்கங்கள் நீந்தத் தெரியுமா என்று சோதிக்கின்றன, கவிழ்ந்தால் படகை விட்டு விலகாமல் பிடித்துக்கொண்டிருக்கப் பழக்குகின்றன, கூடவே விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டத்தையும் வைக்கின்றன.

இப்போது அந்தத் தொலைபேசி அழைப்பை நினைத்துப் பாருங்கள். காலை ஆறரை மணிக்கு உங்கள் நண்பர் தூக்கத்திலிருந்து எழுந்து எடுக்கிறார். அவர் என்ன செய்வார்? உங்கள் மனைவியைத்தான் அழைப்பார், வேறு வழியில்லை. நடைப்பயிற்சிக்குப் போன கணவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாவிடம், முதலில் படகு என்று ஒன்று இருந்தது என்பதைச் சொல்லி, அதற்குப் பிறகுதான் அந்தப் படகில் என்ன நடந்தது என்பதை அவர் சொல்ல முடியும். ஒரு மனிதரின் தலையில் இப்படி ஒரு வேலையைக் கட்ட உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? மருத்துவமனையில், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த அளவில் சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்பார்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவருடைய எண்ணைத்தான் நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் வீணாகப் பயப்படுவார்கள் என்கிறீர்கள். இந்தப் பகுதிக்கு எத்தனையோ பேர் இதே வாக்கியத்தை எழுதி அனுப்பியிருக்கிறார்கள்; வாங்கிய கடனை மறைத்தவர்கள், விட்ட வேலையை மறைத்தவர்கள், தொடங்கிய தொழிலை மறைத்தவர்கள், எல்லாருடைய வீட்டிலும் எல்லாரும் பயந்த சுபாவம் உள்ளவர்களாகவே இருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் நான் அதை நம்பவில்லை. பக்கவாதம் வந்த மாமனாரைப் படுக்கையில் வைத்துப் பராமரிக்கும் ஒரு பெண், கணவர் படகில் ஏறுகிறார் என்று கேட்டால் நடுங்கிப் போய்விடுவார் என்பதை நீங்களும் நம்புவதாகத் தெரியவில்லை.

நேரத்தைக் கணக்குப் பாருங்கள். கணக்கு உங்கள் தொழில்தானே. ஐந்தரைக்குத் துறையில் இருக்க வேண்டுமென்றால் ஐந்துக்கோ அதற்கு முன்னரோ வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எட்டுப் பேர் படகு 17 மீட்டருக்கு மேல் நீளமானது. போட்டிப் படகாக இருந்தால் குறைந்தது 96 கிலோ எடை இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கொட்டகையிலிருந்து தோளில் தூக்கி வந்து நீரில் இறக்கி, துடுப்புகளைப் பூட்டி, ஒரு மணி நேரமாவது வலித்து, திரும்பி வந்து கழுவித் துடைத்துத் தாங்கியில் ஏற்றி வைத்துவிட்டு நீங்கள் வீடு வந்து சேரும்போது எட்டு மணி ஆகியிருக்கும். அந்த மூன்று மணி நேரத்தில் உங்கள் அப்பாவை யார் சுத்தம் செய்கிறார்கள்? யார் உடை மாற்றுகிறார்கள்? படுக்கைப் புண் வராமல் இருக்க, தானாக அசைய முடியாத நோயாளியை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். அதை யார் செய்கிறார்கள்? அதே நேரத்தில் மகளைப் பள்ளிக்குத் தயார் செய்வது யார்? நடைப்பயிற்சி என்று சொன்னால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். படகு என்றால் கேட்பார்கள். நீங்கள் மறைத்ததற்குக் காரணம் இந்தக் கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது.

பெற்ற தகப்பனைக் கவனிப்பது முதலில் மகனுடைய கடமை. மருமகள் செய்வது அவருடைய நல்ல மனத்தால் செய்வது. அதை வீட்டின் வழக்கமான ஏற்பாடாக எடுத்துக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாரத்தில் மூன்று காலைப்பொழுதுகளை அவர் மீது ஏற்றி வைப்பதை என்னால் ஏற்க முடியாது. இது பழங்காலத்துப் பேச்சு என்று சிலர் எழுதுவார்கள், எழுதட்டும். உங்கள் கடிதத்தில் ஒற்றைத் துடுப்பு, இரட்டைத் துடுப்பு பற்றி எழுத இடம் இருந்தது. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் உங்கள் கையால் எதைச் செய்கிறீர்கள் என்று எழுத இடம் இல்லை.

கையைச் சொன்னதும் கொப்புளம் நினைவுக்கு வருகிறது. கையுறை வேண்டாம், பிடியின் உணர்வு தெரியாமல் போய்விடும் என்பதால் துடுப்பு வலிப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தவிர்க்கிறார்கள். புதியவர்கள் பிடியை இறுக்கி முறுக்குவதால்தான் கொப்புளம் அதிகம் வருகிறது. பிடியை விரல்களில் தளர்வாகத் தொங்கவிட்டுப் பிடிக்கப் பழகுங்கள், கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள், கையைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்துக்கொள்ளுங்கள், பிடியையும் கழுவுங்கள். நாளடைவில் தோல் தடித்துவிடும். இவ்வளவும் உங்கள் பயிற்சியாளரே சொல்லியிருப்பார். நான் கேட்க விரும்புவது வேறு. நடைப்பயிற்சியில் உள்ளங்கை கொப்புளித்த மனிதரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆறு வாரமாக அந்தக் கையோடு ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் மனைவி அதைப் பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? பார்த்திருப்பார். அவராகக் கேட்காமல் இருக்கிறார் என்றால், நீங்களாகச் சொல்வதற்கு அவகாசம் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அந்த அவகாசம் நீண்டுகொண்டே போனால், படகைவிடப் பெரிதாக எதையோ நீங்கள் மறைப்பதாக அவர் நினைக்கத் தொடங்குவார். அப்படி நினைத்தால் அவர் மீது தப்பு சொல்ல முடியாது.

சங்கத்தின் பக்கத்தையும் பாருங்கள். எட்டுப் பேர் படகில் ஓர் இடத்தை ஏற்றுக்கொள்வது மற்ற ஏழு பேருக்கும், சுக்கான் பிடித்துக் குரல் கொடுக்கும் காக்ஸ் ஒருவருக்கும் கொடுக்கும் வாக்கு. ஒருவர் வராவிட்டால், விடியுமுன் எழுந்து வந்த மற்றவர்கள் மாற்று ஆளைத் தேடி அலைய வேண்டும், அல்லது நால்வர் படகாகப் பிரிந்து சிலர் கரையில் நிற்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஓர் இரவு காய்ச்சல் வந்தால் மறுநாள் என்ன செய்வீர்கள்? உண்மையைச் சொல்லி வைக்காத காரணத்தால், ஏன் போயே ஆக வேண்டும் என்று வீட்டில் விளக்க முடியாது. கடைசி நேரத்தில் ஏன் வரவில்லை என்று குழுவிலும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். குடும்பமும் இப்படி ஒரு படகுதான் என்று இந்த இடத்தில் நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். எழுத மாட்டேன். படகில் உங்கள் இடத்துக்கு வேறோர் ஆளை உட்கார வைக்க முடியும். உங்கள் அப்பாவுக்கு வேறொரு மகனைக் கொண்டுவர முடியாது.

எதை முதலில் கற்பது என்ற கேள்விக்கு: எட்டுப் பேர் படகில் ஆளுக்கு ஒரு துடுப்புதான், ஆகவே அந்த இடத்தை ஏற்றால் அதுவே தீர்மானமாகிவிடுகிறது. உங்கள் வீட்டு நிலைமைக்கு, ஒருவரே இரண்டு துடுப்பு வலிக்கும் சிறிய படகுகள்தாம் பொருத்தம். உடம்பின் இரு பக்கமும் சமமாக வேலை செய்யும். அதைவிட முக்கியமாக, இருவர் படகில் நேரத்தை ஒத்திவைக்க ஒருவரிடம் மட்டும் பேசினால் போதும், ஏழு பேர் காத்திருக்க மாட்டார்கள். ஒற்றை ஆள் படகு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அது எளிதில் கவிழக்கூடியது, புதியவர் மேற்பார்வை இல்லாமல் அதில் ஏறக் கூடாது.

மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை. கேட்கும்போது "கொஞ்சம் உடற்பயிற்சி" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றையும் ஒன்றாக வேலை வாங்கும் விளையாட்டு என்றும், குளிர்ந்த நீரில் விழ நேரலாம் என்றும் சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் முதல் சில நிமிடங்களில் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்; உங்களுக்கு இது அலட்சியப்படுத்தக்கூடிய செய்தி இல்லை. அவர் சொல்வதைச் சங்கத்தின் பயிற்சியாளருக்கும் தெரியப்படுத்துங்கள்.

சேரலாமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. படுக்கையில் ஒரு நோயாளி இருக்கும் வீட்டில், ஆரோக்கியமாக இருப்பவர்கள் வெளியே போய் மூச்சு விட்டு வருவது தேவை என்று நானும் நினைக்கிறேன். அந்தத் தேவை உங்கள் மனைவிக்கும் உண்டு. ஆகவே இன்றைக்கே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அனுமதி கேட்கும் தோரணையில் வேண்டாம், நிதானமான ஒரு நேரப் பட்டியலோடு பேசுங்கள்: நீங்கள் படகுக்குப் போகும் காலைகளில் அப்பாவின் வேலைகளில் எவற்றைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட்டுப் போவீர்கள், மற்ற நான்கு காலைகளில் எவற்றை முழுக்க நீங்களே ஏற்பீர்கள், அவர் தமக்கென்று எந்த நேரத்தை எடுத்துக்கொள்வார் என்று. முதலில் ஆறு வாரமாகச் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் பட்டியலை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் பட்டியலும் ஒரு தந்திரமாகத் தெரியும். மகளிடமும் சொல்லுங்கள். அப்பாவுக்குக் காது கேட்குமென்றால், பேச்சு வராவிட்டாலும் அவரிடமும் நீங்களே சொல்லுங்கள்.

மனைவி இப்போது வேண்டாம் என்று சொன்னால் வாதாடாதீர்கள். எட்டுப் பேர் படகில் கொடுத்த இடத்தை, குழுவின் பட்டியல் முடிவாவதற்கு முன் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆள் குறையும் நாளில் அழைக்கும் மாற்று ஆட்கள் வரிசையில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். வார இறுதிப் பயிற்சி இருந்தால் அதில் சேருங்கள். அவர் சரி என்று சொன்னால் சங்கத்தின் செயலாளரிடம் போய்ப் பழைய விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, புதிதாக ஒன்று நிரப்பிக் கொடுங்கள். அவசரத் தொடர்புக் கட்டத்தை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம், உங்கள் மனைவியே தம் கையால் எழுதட்டும். அது வரைக்கும் தண்ணீரில் இறங்காதீர்கள்.