சக்கர் மீன் தொட்டியைக் கழுவித் தராது

கேள்வி: இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி, ஏறக்குறைய 55 லிட்டர். அமைத்து இரண்டு மாதம் ஆகிறது. ஐந்து கப்பி, இரண்டு கோல்ட்ஃபிஷ் இருக்கின்றன. கண்ணாடியில் பழுப்பாகப் பாசி படிந்ததால், கடைக்காரர் சொன்னபடி விரல் நீளத்தில் ஒரு சக்கர் மீன் வாங்கி விட்டேன். முதல் வாரம் கண்ணாடி பளிச்சென்று ஆனது. இப்போது பாசி திரும்பிவிட்டது. அடியில் நூல் நூலாகக் கழிவு கிடக்கிறது. மீனின் வயிறு ஒட்டிப்போய் இருக்கிறது. இரவில் கோல்ட்ஃபிஷ் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. துணைக்கு இன்னொன்று விட்டால் சரியாகுமா?

பதில்: விட வேண்டாம். உங்கள் மீன் பட்டினி கிடக்கிறது. இன்னொன்று விட்டால் இரண்டும் பட்டினி கிடக்கும். கோல்ட்ஃபிஷ் மேல் ஒட்டுவதும் அதனால்தான். மீனின் உடல்மேல் உள்ள வழவழப்பான பூச்சில் புரதம் உண்டு. வயிறு காய்ந்த சக்கர், மெதுவாக நீந்தும் அகன்ற மீனாகப் பார்த்து இரவில் அதை உறிஞ்சும். கோல்ட்ஃபிஷ், டிஸ்கஸ், ஏஞ்சல் மூன்றும் இதில் அதிகம் மாட்டுபவை. பூச்சு போன இடத்தில் செதில் உதிர்ந்து, சிவந்து, பூஞ்சை பிடிக்கும். இந்தப் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் வயிறு நிறைந்த பிறகும் சில மீன்கள் விடுவதில்லை. ஆகவே இன்றே சக்கரையும் கோல்ட்ஃபிஷ்களையும் பிரித்து வையுங்கள்.

முதல் வாரம் மட்டும் கண்ணாடி சுத்தமானது ஏன்? அந்தப் பழுப்புப் படிவு டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் முதல் இரண்டு மூன்று மாதம் அது வருவது வழக்கம். பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். மென்மையான பாசி என்பதால் சக்கர் விரும்பிச் சுரண்டித் தின்றது. ஆனால் 55 லிட்டர் தொட்டியின் நான்கு கண்ணாடியிலும் விளைவது, வளரும் மீனுக்குச் சில நாள் தீனிக்குக்கூடக் காணாது. தின்றதும் மாயமாகிவிடாது. அதே சத்து கழிவாக அடியில் விழுகிறது, அழுகி நைட்ரேட்டாகிறது, அடுத்த பாசிக்கு உரமாகிறது. பாசியைக் குறைக்க வாங்கிய மீனே பாசிக்கு எரு போடுகிறது என்பது இந்த வியாபாரத்தில் யாரும் சொல்லாத சங்கதி.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்த மீன் என்று பாருங்கள். சக்கர், பிளெக்கோ, டேங்க் கிளீனர் என்று பல பெயரில் விற்கப்படுபவை தென் அமெரிக்காவின் லோரிகாரிடே குடும்பத்துக் கெளுத்திகள். செதிலுக்குப் பதில் எலும்புத் தகடு போர்த்த உடல், அடிப்பக்கம் உறிஞ்சு வாய். கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் இனம். முதுகுத் துடுப்பு விரியும்போது கதிர்களை (துடுப்பைத் தாங்கும் குச்சி போன்ற எலும்புகளை) எண்ணுங்கள்: பத்து, அதற்கு மேல் இருந்தால் அதுதான். இன்று விரல் நீளம். வளர்ந்தால் 30 முதல் 45 சென்டிமீட்டர். பத்து ஆண்டுக்கு மேல் வாழும். 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் அதை வைப்பது நியாயமே இல்லை. ‘தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கெட்ட நீரிலும் நெருக்கத்திலும் வளர்ச்சி முடங்கும். அது நோயின் அடையாளம்.

கதிர்கள் அதைவிடக் குறைவாக இருந்து, தலை அகன்று தட்டையாக இருந்தால் பிரிசில்நோஸ் என்ற சிறிய சக்கராக இருக்கலாம். அப்படியென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அது 12, மிஞ்சினால் 15 சென்டிமீட்டரோடு நிற்கும். 100 லிட்டர் தொட்டி போதும். ஆணுக்கு ஆறேழு சென்டிமீட்டர் வளர்ந்ததும் மூக்கின் மேல் மீசைபோல் கிளைத்த சதை முளைக்கும். பெண்ணுக்கு உதட்டு ஓரத்தில் சிறிதாக இருக்கும், அல்லது இருக்காது. மூன்றடிக்குள் உள்ள தொட்டியில் இரண்டு ஆண்களை விடாதீர்கள், குகைக்குச் சண்டை போடும்.

உறிஞ்சு வாயோடு பொன்னிறமாக ‘ஆல்கே ஈட்டர்’ என்று விற்கப்படும் இன்னொரு மீன் உண்டு. அது கெளுத்தியே அல்ல, தென்கிழக்கு ஆசியாவின் கைரினோகைலஸ். சிறியதில் பாசி தின்னும், பெரிதானால் மற்ற மீன்களை விரட்டி விரட்டி உறிஞ்சும். சக்கருக்கு மாற்றாக அதை வாங்கிவிடாதீர்கள்.

இனி தீனி. இது இரவு மீன். விளக்கணைத்து அரை மணி கழித்துப் போட்டால்தான் அதற்குக் கிடைக்கும். பகலில் போடுவதை கோல்ட்ஃபிஷ் முடித்துவிடும். எட்டு சென்டிமீட்டர் மீனுக்கு அடியில் அமிழும் பாசி வேஃபர் தினம் பாதி. வாரம் மூன்று நாள் வேஃபருக்குப் பதில் காய்: ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெள்ளரி அல்லது சுரைக்காய் வில்லை, தோலுரித்த பட்டாணி, கீரை. கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு ஆறவைத்தால் மென்மையாகி அமிழும். மிதந்தால் எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி இறக்குங்கள். மறுநாள் காலை மிச்சத்தை எடுத்தே ஆகவேண்டும். அழுகும் வெள்ளரி ஒரே பகலில் சின்னத் தொட்டியின் நீரைக் கலக்கிவிடும். வாரம் இரண்டு முறை இறால் கலந்த உருண்டைத் தீவனமோ உறைந்த ரத்தப்புழுவோ கொஞ்சம் கொடுங்கள். உங்கள் மீனுக்கு இப்போது முதலில் தேவை இந்தப் புரதம்தான். ஒட்டிய வயிறு நிறைய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நன்றாகத் தின்றும் வயிறு உள்வாங்கியே இருந்தால் குடற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு மரக்கட்டையும் போடுங்கள். அதன்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை இவை சுரண்டித் தின்னும், பகலில் அடியில் ஒளியும். முதலில் நன்றாகக் கொதிக்கவைத்துச் சில நாள் ஊறப்போட்டால் அமிழும். நீர் தேநீர் நிறமானாலும் கெடுதல் இல்லை.

நீரைப் பொறுத்தவரை சக்கருக்கு வெப்பம் 24 முதல் 27 டிகிரி, பி.எச். 6.5 முதல் 7.5. கோல்ட்ஃபிஷ்ஷோ 18 முதல் 22 டிகிரியில் சுகமாக இருப்பது. இந்த ஜோடி இங்கேயே பொருந்தவில்லை. (இரண்டு கோல்ட்ஃபிஷ்ஷுக்கு 55 லிட்டர் தாராளமும் அல்ல. அது தனிக் கேள்வி.) நீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில், கழிவிலிருந்து வரும் நஞ்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியாக இருக்க வேண்டும். ஃபில்டர் மணிக்கு 300 லிட்டராவது இறைக்கட்டும். சக்கர் கழிவு அதிகம் போடும் மீன், அதற்குப் பிராணவாயுவும் நிறைய வேண்டும். எப்போதாவது மேலே வந்து ஒரு வாய்க் காற்று விழுங்கிப் போனால் பயப்பட வேண்டாம், இரைப்பை வழியாகக் காற்றைச் சுவாசிக்க அதற்குத் தெரியும். திரும்பத் திரும்ப வந்தால்தான் நீரைச் சோதிக்க வேண்டும்.

பாசியைக் குறைக்கும் வேலை உங்களுடையது. விளக்குக்கு டைமர் வைத்து நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் மட்டும் எரிய விடுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் தொட்டியை நகர்த்துங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை, அடிக் கற்களுக்குள் சைஃபன் குழாயைக் குத்தி, கழிவோடு உறிஞ்சி எடுங்கள். புதுநீரைக் குளோரின் நீக்கிச் சேருங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல் எடுத்த தொட்டி நீரிலேயே அலசுங்கள். குளோரின் பட்டால் அதிலுள்ள நல்ல பாக்டீரியா செத்து, மறுவாரமே அம்மோனியா ஏறும்.

எல்லாப் பாசிக்கும் மீன் மருந்தாகாது. கண்ணாடியில் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளியைப் பிளேடால்தான் சுரண்ட முடியும் (அக்ரிலிக் தொட்டியில் பிளாஸ்டிக் அட்டை). இலை ஓரத்தில் வளரும் கரிய தாடிப்பாசியைச் சக்கர் தொடாது. நாற்றத்தோடு படலமாக உரியும் நீலப்பச்சை, உண்மையில் பாக்டீரியா. அதை எதுவும் தின்னாது. நீரே பச்சையானால் சுரண்ட எதுவும் இல்லை.

கோல்ட்ஃபிஷ்களுக்கு வேறு இடம் கிடைத்து, கப்பிகள் மட்டும் தங்குவதானால் பாசிக்குப் பொருத்தமானது ஓட்டோசின்க்ளஸ் கெளுத்தி. நான்கைந்து சென்டிமீட்டர்தான், ஆறாகக் கூட்டமாக வைக்க வேண்டும். ஆனால் அவசரம் கூடாது. பெரும்பாலும் ஆற்றில் பிடிக்கப்பட்டுப் பட்டினியோடு வருபவை என்பதால் முதல் சில வாரங்களில் பல செத்துவிடும். கடைக்கு வந்து இரண்டு வாரம் ஆன, வயிறு உருண்ட மீன்களாகப் பாருங்கள். தொட்டிக்கு மூன்று மாதமாவது வயதாகியிருக்கட்டும். காற்றுக்குழாயில் முடிச்சிட்டு, மீன் இருக்கும் பாத்திரத்தில் தொட்டி நீர் சொட்டுச் சொட்டாக விழுமாறு ஒரு மணி நேரம் பழக்கிய பிறகே விடுங்கள். பாசி தீர்ந்தால் இவற்றுக்கும் காய் வேண்டும்.

இருக்கும் சக்கர் பெரிய இனம் என்றால், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கடையிலோ கொடுத்துவிடுங்கள். குளத்திலோ ஆற்றிலோ விடவே கூடாது. ஃப்ளோரிடாவிலும் மெக்சிகோவிலும் ஆசியாவின் பல ஆறுகளிலும் இப்படி விடப்பட்டவை பெருகி, முட்டையிடக் கரையில் ஆழமாக வளை தோண்டி மண்ணைச் சரிக்கின்றன. மீனவர் வலைகளையும் கிழிக்கின்றன.

பிடிக்கும்போது வலையைத் தவிர்த்து, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மெதுவாக ஓட்டி நீரோடு தூக்குங்கள். பக்கத் துடுப்பின் முள் வலையில் சிக்கினால் மீனை இழுக்காமல் வலையைக் கத்தரியுங்கள். கொண்டு போகும் பைக்கு இரண்டு உறை போடுங்கள், ஒன்றை முள் குத்திவிடும்.