ஊரில் நடந்த சுகாதாரத் திட்டம் பலன் தந்ததா என்று எப்படி மதிப்பிடுவது?

திட்டத்தால் மக்களின் உடல்நலத்தில் என்ன மாறியது என்று அளந்து பார்ப்பதுதான் மதிப்பீடு.

2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியது திருகோணமலைக்காரருக்கு நினைவிருக்கும். டெங்குச் சிரமதானம் ஒன்றுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது (படம் எடுக்க நல்லதுதான்) பெரிதல்ல. பூச்சாடித் தட்டு, பழைய டயர், தண்ணீர்த் தொட்டி என்று டோர்ச் அடித்து, நுளம்புக் குடம்பி (முட்டையிலிருந்து வரும் புழு) நெளிகிறதா என்று பார்க்க வேண்டும். முட்டை நுளம்பாக ஏழெட்டு நாள் போதும். ஆகவே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

சரி, மாரி மழை ஓய்ந்தாலும் நோய் தானாகக் குறையுமே? மீன் படும் காலத்தில் எல்லா வள்ளத்துக்கும்தான் படும். புது வலையின் திறமையை அறிய, பழைய வலை போட்ட பக்கத்து வள்ளத்தைப் பார்ப்போம் அல்லவா? அப்படித்தான் திட்டம் நடக்காத அயல் கிராமத்தையும் பார்ப்பது.

மதிப்பீடு என்றால் எல்லாம் முடிந்தபின் செய்யும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நோயாளர் எத்தனை பேர், குடம்பி உள்ள இடங்கள் எத்தனை என்று தொடங்குமுன்பே எண்ணி வைக்காவிட்டால் ஒப்பிட எதுவும் இராது.