கதவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. மூன்று, நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான். அதற்குள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து, காலைப் பின்னிக்கொண்டு அழுகிறான். பாலும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு. மாமியார் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். ஆயுர்வேதத்தில் உணவாலேயே சரிசெய்ய வழி உண்டா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறான் என்கிறீர்களே, அதைப் பலர் முக்குவதாக நினைப்பார்கள். உண்மையில் அடக்குகிறான். என்றோ கெட்டியாகப் போய் வலித்திருக்கும்; அந்தப் பயத்தில் அடக்க, அது உள்ளேயே காய்ந்து இறுக, அடுத்த முறை இன்னும் வலிக்கிறது. ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை, அடக்கக் கூடாத 13 வேகங்களில், அதாவது உடலின் இயல்பான உந்துதல்களில், ஒன்றாக மலத்தைச் சொல்கிறது. அடக்கினால் வயிற்றுவலி, தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வருமாம்.

அதனால் விளக்கெண்ணெய் வேண்டாம். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றப்பட்ட தலைமுறை நான். அந்த வாடை இன்னும் மறக்கவில்லை. பயந்த பிள்ளைக்குப் பேதி கொடுத்தால் பயம்தான் கூடும். கடுக்காய், திரிபலா பொடிகளையும் வைத்தியர் பார்த்து அளவு சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

மலத்தைக் கீழே தள்ளுவது அபான வாயு என்பது ஆயுர்வேதக் கணக்கு. வறட்சியும் குளிர்ச்சியும் அதைக் கெடுக்கும். நெய்ப்பும் சூடும் சீராக்கும். பிஸ்கட் முழுக்க வறட்சி. பாலோ, நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் பசியையே அடைத்துவிடும். முதலில் பாலைக் குறையுங்கள். அதைச் செய்யாமல் வேறு எதைக் கொடுத்தும் பயனில்லை. பத்துக் கருப்பு உலர்திராட்சையை இரவே ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரோடு நன்றாக மசித்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். மதியம் குழைந்த பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய். மாலையில் பப்பாளி, அல்லது தோலில் கரும்புள்ளி விழுந்த பூவன்பழம். காய்வெட்டான பழம் மலத்தைக் கட்டும். நாள் முழுக்க அவ்வப்போது தண்ணீர்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் தானே அசையும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள். வராவிட்டால் திட்டாமல் எழுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே நிறையத் தேங்கியிருந்தால் உணவு மட்டும் போதாது. குழந்தை மருத்துவர் இளக்கும் மருந்து கொடுத்த பிறகுதான் இதெல்லாம் பலிக்கும். ரத்தம், வாந்தி, வயிறு உப்பல், எடை குறைதல் இருந்தால் உடனே காட்டுங்கள். ஜட்டியில் தண்ணீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்துவிடாதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு வழிவதாக இருக்கலாம்.