கலியாண வீட்டிலும் வாய் திறக்க ஏலாத வேலை

கேள்வி: ஏ.எல். கலைப்பிரிவில் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். தடயவியல் உளவியல், அதாவது வழக்குகளில் சம்பந்தப்பட்டவர்களின் மனநிலையை ஆராய்கிற துறை, படிக்க ஆசை. "பொம்பிளைப்பிள்ளை மறியலுக்கும் கோட்டுக்கும் திரிஞ்சால் ஆர் கட்டுவினம்?" என்று அம்மா மறிக்கிறா. இந்த வேலையோடு சாதாரணமாக வாழ முடியாதா?
- பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: அன்பான பிள்ளைக்கு,

இரவிரவாகக் கொலை நடந்த இடத்துக்கு ஓடுவது பொலிசாரின் பாடு, சட்ட வைத்திய அதிகாரியின் பாடு. உங்களுக்கு வரப்போவது விளக்கமறியலில் இருப்பவரோடு மணிக்கணக்காகக் கதைப்பது, பழைய கிளினிக் கொப்பிகளையும் வாக்குமூலங்களையும் வாசிப்பது, அறிக்கை எழுதுவது. எழுத்துத்தான் பெரும்பங்கு; நாரி நோகும். பிறகு கோட்டில் தவணை. ஒரு சட்டத்தரணி வராவிட்டால் வேறு திகதி போடுவார்கள், அன்றைய நாள் போச்சு.

தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, சித்த சுவாதீனமின்மையால் தான் செய்வது என்னவென்றோ, அது பிழை அல்லது சட்டவிரோதம் என்றோ அந்த நேரத்தில் அறிய இயலாதிருந்தாரா என்று கேட்கிறது. அதாவது, எப்போதோ நடந்த ஒரு பின்னேரத்தில் ஒருவருடைய மனம் எப்படி இருந்தது என்று இன்றைக்கு இருந்து சொல்லவேண்டும். முன்னால் இருப்பவர் "தங்கச்சி, என்னைக் காப்பாத்துங்கோ" என்று அழுவார். அவர் சொல்வது அறிக்கைக்குள் போகும் என்பதைக் கதை தொடங்க முதலே நீங்கள் சொல்லியிருக்கவேண்டும். அழுகிறார் என்பதற்காக அதை மாற்ற ஏலாது.

அம்மா யோசிக்காத கரைச்சல் ஒன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணம் சின்ன இடம். கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "அந்தச் சுன்னாகம் கேஸ் உங்களிட்டயாமே?" என்பார். சிரித்துக்கொண்டு சொதி கேட்கப் பழகவேண்டும். சந்தேகநபர் உங்களோடு படித்தவளின் தமையனாக இருந்தால் அந்த வழக்கிலிருந்து விலகவேண்டும். ஏன் விலகினீர்கள் என்று அவளுக்கும் சொல்ல ஏலாது. சிறுவர் துஷ்பிரயோகக் கோவை வாசித்த நாளில் நித்திரை குழம்பும், வீட்டில் கொட்டவும் முடியாது. அதனால் மேற்பார்வை செய்கிற மூத்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். கட்டுகிறவர் "இண்டைக்கு என்ன கேஸ்?" என்று தோண்டாதவராக இருந்தால் போதும். அப்படி ஆட்கள் இருக்கிறார்கள், அம்மாவிடம் சொல்லுங்கள்.

அவ கவலைப்படவேண்டியது படிப்புக் காலத்துக்கு. இங்கே நீதிமன்றங்கள் பெரும்பாலும் மனநல மருத்துவரிடமே அறிக்கை கேட்கின்றன. அதற்கு முதலில் மருத்துவம் படித்திருக்கவேண்டும், உங்கள் பிரிவில் அது சரிவராது. பிரித்தானியாவில் உளவியல் பட்டம், முதுமாணி, மேற்பார்வையின் கீழ் பயிற்சி என்று முடித்துப் பதிவுசெய்தால்தான் தடயவியல் உளவியலாளர் என்ற பட்டப்பெயரையே போடலாம். இருபதுகள் படிப்போடு போய்விடும். ஆகவே முதலில் பொதுவான உளவியல் பட்டம் எடுங்கள், பிறகு மருத்துவ உளவியல் (கிளினிக்கல் சைக்காலஜி) பக்கம் பாருங்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று வேறு வழிகளும் திறந்திருக்கும். சிங்களமும் படியுங்கள். இங்கே வழக்கு தமிழில் நடந்தாலும் தெற்கிலிருந்து வருகிற கோவை தமிழில் வராது.

ரிசல்ட் வருமட்டும் ஒரு காலை யாழ்ப்பாண நீதிமன்றத்துக்குப் போய், திறந்த மன்றில் நடக்கிற வழக்குகளை மத்தியானம் வரை இருந்து பாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். போனை நிறுத்திவைக்க மறக்கவேண்டாம்.